ஆற்றுநீர் வாசிப்பு: உரைநூற் குறிகளும் கணினிப் பகுப்பியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், தேவதானப்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலாலும் மஞ்சளாற்றாலும் பெயர்பெற்ற ஊர் இது. இங்குப் பத்தாண்டுகளாக இலக்கியம் பேசிவரும் அவையில் கணினியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எடுத்துக்கொண்ட பொருள் கணினியைச் சார்ந்ததாகத் தோன்றினும், அதன் வேர் தமிழ் உரைமரபில் உள்ளது. ஒரு நூலுள் எது மூலம், எது உரை, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்பதைப் படிப்பவர் எதைக்கொண்டு அறிகிறார்? இவ்வினாவைப் பழைய உரையாசிரியர்களும் எதிர்கொண்டனர். கணினி நிரல் எழுதுவோரும் எதிர்கொண்டனர். இருசாராரும் கண்ட விடைகள் வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன.

உரைநூல்களில் திறப்பும் மூடலும்

தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையை அச்சுப் பதிப்பில் காண்பவர் சில குறுக்கங்களை அடிக்கடி சந்திப்பர். 'இ-ள்' என்பது 'இதன் பொருள்' என்பதன் குறுக்கம். 'எ-று' என்பது 'என்றவாறு' என்பதன் குறுக்கம். 'வ-று' என்பது 'வரலாறு', அஃதாவது எடுத்துக்காட்டு. 'உ-ம்' என்பது 'உதாரணம்'. இவை இடத்தைச் சுருக்குவதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. 'இ-ள்' வந்த இடத்தில் ஒரு கதவு திறக்கிறது. இனி வருவது நூலாசிரியர் கூற்றன்று, உரையாசிரியர் கூற்று எனப் படிப்பவர் அறிகிறார். 'எ-று' வந்த இடத்தில் அக்கதவு மூடுகிறது. 'வ-று' வந்தால் மூன்றாம் ஒருவர் குரல், பெரும்பாலும் ஒரு பழஞ்செய்யுளின் குரல், உள்ளே வருகிறது.

இக்குறிகள் இல்லையாயின் நேரும் இடர் சிறிதன்று. பனையோலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை; சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை; செய்யுளையும் உரையையும் வேறுபடுத்தும் எழுத்து வடிவமும் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, நச்சினார்க்கினியர் உரையோடு கலந்து கிடைத்த ஏடுகளிலிருந்து மூலத்தைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. எவ்விடத்தில் பாட்டு முடிகிறது, எவ்விடத்தில் உரை தொடங்குகிறது என்று சொல்லும் அடையாளம் போதாமையால், யாப்பறிவும் நூற்பயிற்சியுமே வழிகாட்டின. குறி இருந்திருந்தால் ஓர் எழுத்தாளரால் படியெடுத்திருக்கக்கூடிய வேலை, குறியின்மையால் ஒரு பேரறிஞரின் பல்லாண்டு உழைப்பைக் கேட்டது.

ஒரே ஏட்டில் இரண்டு நூல்

இனிக் கணினியின் பக்கம் வரலாம். 'பெர்ல்' என்னும் கணினி மொழியை 1987-இல் வெளியிட்ட லாரி வால், மொழியியல் பயின்றவர். எழுத்து வழக்கற்ற மொழியொன்றைக் கண்டறிந்து அதற்கு எழுத்துமுறை அமைத்துத் தரவேண்டும் என்பதே அவருடைய இளமைக் கால நோக்கமாக இருந்தது. அத்தகையவர் அமைத்த கணினி மொழியில் மூலமும் உரையும் ஒரே ஏட்டில் அமையுமாறு ஓர் ஏற்பாடு செய்யப்பெற்றதில் வியப்பில்லை. 1994-இல் வந்த பெர்ல் ஐந்தாம் பதிப்போடு அவ்வேற்பாடு புழக்கத்திற்கு வந்தது. அதன் பெயர் 'பாட்'. 'எளிய பழைய ஆவணவுரை' என்று அதன் விரிவைத் தமிழாக்கலாம்.

நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பு. அந்நிரலை எவ்வாறு பயன்படுத்துவது என்று மனிதருக்கு விளக்குவது ஆவணவுரை. இரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்தால், நிரல் மாறும்போது உரை மாறாமல் பழையதாகிவிடும். ஆகவே பாட் முறையில் நிரலுக்கு இடையிலேயே உரை எழுதப்படுகிறது. வரியின் முதலிடத்தில் சமக்குறி வந்து, அதனையடுத்து ஒரு கட்டளைச் சொல் வருமாயின், அங்கே உரை திறக்கிறது. வெட்டு என்னும் பொருளுடைய கட்டளை வந்தால் உரை மூடுகிறது. நிரலை இயக்கும் கணினி உரைப்பகுதியைத் தாண்டிச் செல்கிறது; உரையைப் படிக்கும் கருவி நிரல் பகுதியைத் தாண்டிச் செல்கிறது. ஒரே ஏட்டை இருவர் படிக்கின்றனர். ஒவ்வொருவரும் தமக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். 'மூலமும் உரையும்' என்று முகப்பில் அச்சிட்ட தமிழ்நூல்களைப் பயின்றவர்க்கு இஃது அயலான செய்தியன்று.

பாட் முறையின் இலக்கணம் மிகச் சிறிது. பத்திகள் வெற்று வரியால் பிரிக்கப்படுகின்றன. பத்தி மூவகைப்படும். சமக்குறியில் தொடங்குவது கட்டளைப் பத்தி. தலைப்பு, பட்டியல், பட்டியலின் உறுப்பு முதலியவற்றை அது அறிவிக்கும். இடைவெளி விட்டுத் தொடங்குவது உள்ளது உள்ளவாறே காக்கப்பட வேண்டிய பத்தி. அதன் வரியமைப்பில் யாரும் கை வைக்கலாகாது. ஏனையவை இயல்பான பத்திகள். பத்தியினுள் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாகவோ சாய்வெழுத்தாகவோ காட்ட விரும்பினால், ஒரு பேரெழுத்தை இட்டு அச்சொல்லைக் கோண அடைப்புக்குள் வைத்தால் போதும். ஏறக்குறைய இவ்வளவே இலக்கணம். இலக்கணம் சிறிதாக இருப்பதால் எழுதுபவர் சோர்வதில்லை. சோராததால் உரை எழுதப்படுகிறது.

நிகழ்வுவழிப் பகுப்பி

இவ்வாறு குறியிட்ட ஏட்டைப் படித்து உறுப்புகளாகப் பிரிக்கும் நிரலைப் 'பகுப்பி' எனலாம். பாட் ஏடுகளுக்கென ஷான் எம். பர்க் 2002-இல் 'பாட் சிம்பிள்' என்னும் பகுப்பியை அளித்தார். பின்னர் 2007 இறுதியில் வெளியான பெர்ல் 5.10 பதிப்பிலிருந்து அது பெர்ல் மொழியுடனேயே வழங்கப்பட்டு வருகிறது. அதன் செயல்முறை இங்கு நோக்கத்தக்கது.

அப்பகுப்பி ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படிக்கிறது. படிக்கும்போது மூன்று வகை அறிவிப்புகளை மட்டும் செய்கிறது: 'இன்ன உறுப்பு திறந்தது', 'இவ்வெழுத்துகள் வந்தன', 'இன்ன உறுப்பு மூடியது'. இவ்வறிவிப்புகளே நிகழ்வுகள் எனப்படுகின்றன. அறிவித்தபின் என்ன செய்வது என்பது பகுப்பியின் பொறுப்பன்று. அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றொரு நிரல் முடிவு செய்யும்.

தொல்காப்பிய உரையையே இவ்வாறு படிப்பதாகக் கொள்வோர்க்கு இது தெளிவாகும். நூற்பா திறந்தது, எழுத்துகள் வந்தன, நூற்பா மூடியது. பொருள் திறந்தது, எழுத்துகள் வந்தன, பொருள் மூடியது. வரலாறு திறந்தது, மேற்கோள் வந்தது, வரலாறு மூடியது. இவ்வறிவிப்புகளை மாணவர் ஒருவர் கேட்டால் நூற்பாவை மட்டும் எழுதிக்கொண்டு மூலபாடப் புத்தகம் ஆக்குவார். அகராதி தொகுப்பவர் வரலாறு திறக்கும்வரை வாளா இருந்து, மேற்கோள்களை மட்டும் திரட்டுவார். மெய்ப்புத் திருத்துபவர் எழுத்துகளைப் பொருட்படுத்தாமல், திறந்தவை எல்லாம் மூடப்பட்டனவா என்று எண்ணுவார். மூவர்க்கும் ஏடு ஒன்றே, படிப்பவரும் ஒருவரே, கேட்பவர் மட்டுமே வேறு. ஒரே பாட் ஏட்டிலிருந்து திரையில் காட்டும் கையேடும், இணையப் பக்கமும், பிழை அறிக்கையும் எழுவது இம்முறையாலேயே.

பிழை நேர்ந்த இடத்தில் பாட் சிம்பிள் செய்வது தனித்துக் கூறத்தக்கது. பட்டியல் ஒன்றைத் திறந்து மூடாமல் விட்டாலும், அறியாத கட்டளையை எழுதினாலும், அது வேலையை நிறுத்தி விடுவதில்லை. இயன்றவரை பொருள்கொண்டு மேலே செல்கிறது. ஏட்டின் இறுதியில் எந்த வரியில் என்ன பிழை என்று தனித் தலைப்பிட்டுத் தொகுத்துக் காட்டுகிறது. பழைய தமிழ்ப் பதிப்புகளின் கடைசிப் பக்கத்தில் 'பிழையும் திருத்தமும்' என்று இடம்பெற்ற பட்டியலே இது. படிப்பவரைத் தடுக்காமலும் பிழையை மறைக்காமலும் இருப்பது பதிப்பறம்; அவ்வறம் ஒரு சிறு நிரலுள்ளும் இடம் பெற்றிருக்கிறது.

ஆறும் அணையும்

ஏட்டைப் படிக்க இன்னொரு முறையும் உண்டு. முழு ஏட்டையும் முதலில் நினைவில் ஏற்றிக்கொண்டு, இயல்கள் கிளைகளாகவும் பத்திகள் சிறுகிளைகளாகவும் ஒரு மரம்போல் அமைத்து, பிறகு வேண்டிய இடத்திற்குச் செல்வது அம்முறை. நிகழ்வுவழி முறை மஞ்சளாற்றின் ஓட்டத்தைப் போன்றது. மரமுறை மஞ்சளாற்று அணையைப் போன்றது. அணை நீரைத் தேக்கி வேண்டும்போது வேண்டிய அளவு தருகிறது. ஆனால் தேக்குவதற்கு இடம் வேண்டும். ஓடும் ஆற்றின் கரையில் நின்று நீர் முகப்பவருக்கு அவ்விடம் தேவையில்லை.

நிகழ்வுவழிப் பகுப்பி நினைவில் வைத்துக்கொள்வது மிகச் சிறிது. இதுவரை திறந்து இன்னும் மூடப்படாத உறுப்புகளின் பெயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் போதும். கடைசியில் திறந்தது முதலில் மூடும். நூல் ஆயிரம் பக்கம் நீண்டாலும், அதிகாரத்துள் பாட்டு, பாட்டினுள் உரை, உரையினுள் மேற்கோள் என அடுக்கின் உயரம் நான்கைந்தைத் தாண்டாது. நூலின் நீளம் அன்று, அதன் ஆழமே நினைவின் அளவை முடிவு செய்கிறது. 1998-இல் 'எக்ஸ்.எம்.எல்' என்னும் பொதுக் குறிமொழி வரையறுக்கப்பட்ட ஆண்டிலேயே, அதனை நிகழ்வுவழியே படிக்கும் 'சாக்ஸ்' என்னும் முறையும் டேவிட் மெகின்சன் முன்னின்று ஒருங்கிணைக்க வெளிவந்தமைக்கு இச்சிக்கனம் ஒரு காரணம்.

தமிழிலக்கணம் இவ்விரு வாசிப்புகளையும் முன்பே அறியும். நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் முதலாவது ஆற்றுநீர்ப் பொருள்கோள். பின்னோக்கித் திரும்பாமல் அடிதோறும் பொருள் ஒழுகிச் செல்வது அது. கொண்டுகூட்டுப் பொருள்கோளில் பல அடிகளிலும் சிதறிக் கிடக்கும் சொற்களைத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். அதற்குப் பாட்டு முழுவதும் கண்முன் நிற்க வேண்டும். 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் அடிகளை இடம்மாற்றிக் கூட்டி உரை கண்டார். பாட்டு ஒழுகும் வழியிலேயே பொருள் கொள்ளவேண்டும் என்று மறைமலையடிகள் 1903-இல் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறுத்தார். அணைக்கும் ஆற்றுக்கும் இடையே எழுந்த வழக்கு என்றே அதனைச் சொல்லலாம்.

ஆற்றுநீர் செல்லாத இடங்கள்

எளிய கருவிக்கு எல்லையும் உண்டு. அவ்வெல்லைகளைத் தமிழ் நூல்களே தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது, விற்பூட்டு. செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் சேர்ந்தே பொருள் தருமிடத்தில், முதற்சொல்லைக் கேட்டவுடன் செயற்பட இயலாது. இறுதிவரை அதனைக் கையில் வைத்திருக்க வேண்டும். பகுப்பி வைத்திருக்காது; கேட்பவரே வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பின்னிருந்து தொகுத்தல். திருக்குறள் உரையில் பரிமேலழகர் சில பாக்களுக்கு உரை கூறியபின், இத்தனை பாக்களால் இன்னது உணர்த்தப்பட்டது என்று தொகுத்து முடிப்பார். அத்தொகுதி எங்கே தொடங்கியது என்பது அது முடியும்போதுதான் தெரிகிறது. திறப்பு அறிவிக்கப்படாமல் மூடல் மட்டும் அறிவிக்கப்படும் இவ்விடத்தில், குறியிடுபவர் உரை முழுவதையும் முன்பே கற்றுத் தொகுதியின் தொடக்கத்தில் திறப்பை இட்டால்தான் பகுப்பி அறியும்.

மூன்றாவது, வகையுளி. சொல்லின் நடுவே சீர் முடிந்து, அதே சொல்லின் எஞ்சிய பகுதியோடு அடுத்த சீர் தொடங்குவது செய்யுளில் இயல்பு. சொல்லை ஓர் உறுப்பாகவும் சீரை ஓர் உறுப்பாகவும் குறித்தால், ஒன்று மூடுமுன் மற்றொன்று குறுக்கே மூடும். கடைசியில் திறந்தது முதலில் மூடவேண்டும் என்னும் அடுக்கு முறை அங்கே முறிந்துவிடுகிறது. இதனைத் தீர்க்க, சீரை உறுப்பாகக் கொள்ளாமல், சீர் முடியும் இடத்தில் மைல்கல்போல் ஒரு புள்ளிக் குறியை மட்டும் நடுவது வழக்கம்.

நான்காவது, எழுத்தே பிளவுபடுதல். பகுப்பி ஏட்டைப் பகுதி பகுதியாகப் படிக்கிறது. ஒருங்குறியில் 'கோ' என்னும் உயிர்மெய், ககரமும் ஓகார உயிர்க்குறியும் ஆகிய இரண்டாகவே சேமிக்கப்படுகிறது. படிக்கும் பகுதியின் எல்லை இவ்விரண்டுக்கும் இடையே விழுந்தால், ககரம் ஓர் அறிவிப்பிலும் உயிர்க்குறி அடுத்த அறிவிப்பிலும் வரும். அறியாத நிரல் ஓரெழுத்தை இரண்டாக எண்ணிவிடும். ஆகவே உறுப்பு மூடும்வரை வந்த எழுத்துகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பின்னரே எண்ணவேண்டும். ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்டு சோதித்தவர்க்கு இப்பிழை கண்ணில் படாமலே போகலாம்.

குறி போனால் போவது எது?

இனி இவ்வுரையின் உயிர்நிலைக்கு வரலாம். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றில் வரும் 'ஆகோள்' என்னும் சொல், தொல்காப்பியம் கூறும் வெட்சித்துறைச் சொல்லாதலால் தமிழுலகம் மகிழ்ந்தது. அக்கற்களுள் உடைந்து எழுத்திழந்ததும் உண்டு.

கல்வெட்டைப் படிப்பவர் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர்: தெளிவாகத் தெரிந்த எழுத்து, மங்கலாகத் தெரிந்த எழுத்து, அழிந்துபோன எழுத்து, அழிந்த இடத்தில் தம் ஊகத்தால் நிரப்பிய எழுத்து. அச்சில் இதற்குச் சதுர அடைப்பும் புள்ளியும் பயன்பட்டன. 1931-இல் லெய்டன் நகரில் வகுக்கப்பட்ட குறியீட்டு மரபு உலகறிந்தது. அம்மரபையே கணினிக் குறிகளாக்கி 'எபிடாக்' என்னும் முறை வழங்குகிறது. 2019-இல் தொடங்கிய 'தர்மா' என்னும் பன்னாட்டு ஆய்வுத்திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் அம்முறையில் குறியிட்டது. அங்கே ஊகம் ஊகம் என்றே திறந்து ஊகம் என்றே மூடுகிறது.

அக்குறிகளை உதிர்த்துவிட்டு எழுத்துகளை மட்டும் படியெடுத்தால் நேர்வது என்ன? அறிஞர் ஒருவர் ஐயத்தோடு முன்வைத்த ஓரெழுத்து, கல்லே சொன்ன எழுத்தாகிவிடும். அதனை மேற்கோள் காட்டி ஒரு கட்டுரை எழும். அக்கட்டுரையைக் காட்டி இன்னொன்று எழும். கல்லோ உடைந்தே கிடக்கும்.

அச்சு நூல்களுக்கும் இந்நிலை உண்டு. உ. வே. சா. அடிக்குறிப்பில் தந்த பாடவேறுபாடுகளை விட்டுவிட்டு வரும் மறுபதிப்புகளில், ஒரு பாடம் மட்டுமே எக்காலத்தும் இருந்தது போன்ற தோற்றம் எழுகிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நூலின் முகப்பிலேயே குறிப்பது அதன் நன்மரபு. எழுத்துருக் குறியேற்றமே ஒன்றுபடாத அக்காலத்தில், எழுத்துகளைக் காப்பதே முதற்பணியாக இருந்தது. அப்பணி பெருமளவு நிறைவேறிய பின்னர், எது யாருடைய கூற்று என்பதைக் காப்பது அடுத்த பணியாகிறது. தடித்த எழுத்து கண்ணுக்கு மூலத்தைக் காட்டும். ஆனால் தலைப்பும் தடித்த எழுத்தே, அழுத்திச் சொன்ன சொல்லும் தடித்த எழுத்தே. தோற்றத்தைக் குறிப்பது வேறு. தன்மையைக் குறிப்பது வேறு. 'இ-ள்' என்று எழுதிய பழைய உரைமரபு தோற்றத்தைச் சொல்லவில்லை, தன்மையையே சொன்னது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. பகுப்பி என்பது எளிய கருவி. திறந்தது, வந்தது, மூடியது என்னும் மூன்றைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. எங்கே திறக்கவேண்டும், எங்கே மூடவேண்டும் என்று முடிவு செய்வது தமிழ் கற்றவரின் வேலை. அவ்வேலையைக் கணினி அறிஞரிடம் விட்டுவிட்டுக் குறைகூறுவது பொருந்தாது.

இப்பகுதியின் ஒப்பாரிப் பாடல்களையும் முளைப்பாரிப் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் திரட்டித் தட்டெழுத முற்படும் இளைஞர்க்கு இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. பாடிய அம்மையார் வாய்ச்சொல் எங்கே முடிகிறது, திரட்டியவர் விளக்கம் எங்கே தொடங்குகிறது, கேட்டது தெளியாமல் ஊகித்து எழுதிய சொல் எது, பாடியவர் மறந்து விட்ட அடி எது என்பவற்றை எழுதும்போதே குறித்துவிட வேண்டும். குறியின் வடிவம் எதுவாயினும் ஆகுக. சமக்குறியும் ஆகலாம், கோண அடைப்பும் ஆகலாம், பழைய 'இ-ள்', 'எ-று' என்பனவும் ஆகலாம். முழுவதும் ஒரே சீராக இருந்தால் போதும். ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதை எந்தப் பகுப்பியும் நொடியில் செய்துவிடும். இடப்படாத குறியை ஊகிக்கவே இன்னொரு பேரறிஞர் பிறந்து ஏடு ஏடாகத் தேடவேண்டியிருக்கும்.

பாடியவர் உயிரோடிருக்கும்போது, அடுத்த தெருவுக்குச் சென்று அவரிடமே கேட்டு எழுதிவிடலாம். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் வெளியிடும் தொகுப்புகள் அவ்வாறு கேட்டு, குறித்து, வெளிவருமாக.